பெண்களின் வலியும் கஞ்சா மருந்தும்

கஞ்சாச் செடியின் பெண் பூங்கொத்தில் ஊறும் பிசினில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டு வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் மருத்துவம் அதிகம் ஆராய்ந்தவை இரண்டு. ஒன்று டி.எச்.சி.; போதை தருவது இதுதான். மற்றொன்று சி.பி.டி.; இதற்கு அந்தப் போதை இல்லை. சி.பி.டி.யை 1940இல் அமெரிக்க வேதியியலர் ரோஜர் ஆடம்ஸ் பிரித்தெடுத்தார். டி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெச்சூலமும் யெஹியேல் கவோனியும் தூய நிலையில் பிரித்து, அதன் அமைப்பையும் கண்டறிந்தனர். மாதவிடாய் வலி, எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் தூக்கமின்மை ஆகியவற்றுக்காகப் பெண்கள் இன்று நாடும் கஞ்சா எண்ணெய்களிலும் மாத்திரைகளிலும் களிம்புகளிலும் இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன.

இவை உடலில் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. இவற்றை ஒத்த சில பொருள்களை மனித உடலே சுரக்கிறது. டி.எச்.சி. சென்று ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை 1988இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் எலி மூளையில் அடையாளம் கண்டனர். அந்த ஏற்பிக்காக உடலே உண்டாக்கும் அனந்தமைடு 1992இல் தெரியவந்தது. வலி, பசி, உறக்கம், நினைவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் இந்த ஏற்பிகள் மூளையோடு நிற்பதில்லை. கருப்பை, சினைப்பை, கருக்குழாய் ஆகியவற்றிலும் இருக்கின்றன. கரு பதியும் இடத்தில் அனந்தமைடின் அளவு இறங்குவதும், அளவு மிகுந்தால் கரு பதிவது தடைபடுவதும் சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகளில் தெரிந்தன. அடிவயிற்று வலியைத் தணிக்கக்கூடும் என்று இந்தச் செடியின் மேல் நம்பிக்கை வைப்பதற்கும், கருவுற்ற பெண் இதை நெருங்கவே கூடாது என்று எச்சரிப்பதற்கும் அடிப்படை ஒன்றே.

பெண்களுக்குக் கஞ்சா கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. ஜெருசலேமுக்கு அருகே பெய்ட் ஷெமெஷ் என்னும் இடத்தில் கி.பி. நான்காம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று அகழப்பட்டது. அதில் பிரசவத்தின்போது இறந்த, ஏறத்தாழ 14 வயதுப் பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. அருகில் இருந்த கரிந்த பொருளில் கஞ்சாவின் வேதித் தடயம் இருந்ததை 1993இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பிரசவத்தை எளிதாக்க அந்தப் புகை கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. மேற்கத்திய மருத்துவத்துக்கு இந்தச் செடி போனது இந்தியாவிலிருந்துதான். கல்கத்தாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓ'ஷாக்னஸி 1839இல் தம் சோதனைகளை எழுதி வெளியிட்டார். விக்டோரியா அரசியின் மருத்துவர்களுள் ஒருவரான ஜான் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ், முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட தம் அனுபவத்தை 1890இல் லான்செட் இதழில் எழுதியபோது, மாதவிடாய் வலிக்கு இது பயன்படுவதாகக் குறிப்பிட்டார். சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறுவதால் மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தக் குறை தீரவே இல்லை. அளவு உறுதியான ஆஸ்பிரினும் ஊசி மருந்துகளும் வந்தபின் மருத்துவர்கள் கஞ்சாவைக் கைவிட்டனர். 1942இல் அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டிலிருந்தும் அது நீக்கப்பட்டது.

இன்று பெண்கள் இதைத் தேடும் முதல் காரணம் மாதவிடாய் வலி. கருப்பையின் உட்படலம் உதிரும்போது புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து கருப்பைத் தசையை இறுக்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்து வலி எழுகிறது. மெஃபனாமிக் அமிலம், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் இந்தச் சுரப்பையே தடுக்கின்றன. வலி முற்றுவதற்கு முன் எடுத்துக்கொண்டால் பெரும்பாலான பெண்களுக்குப் பலன் கிடைக்கிறது. டி.எச்.சி.யின் வேலை வேறு. அது முக்கியமாக வலியை மூளையும் நரம்பும் உணரும் விதத்தை மாற்றுகிறது. நடிகை வூப்பி கோல்ட்பர்க் 2016இல் மாதவிடாய் வலிக்கென்றே கஞ்சாப் பொருள்கள் விற்கும் நிறுவனம் ஒன்றைக் கூட்டாகத் தொடங்கினார். அது 2020இல் மூடப்பட்டது. சந்தை வேகமாக வளர்ந்த இத்துறையில், மருந்தையும் போலி மருந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய சோதனைகள் பின்தங்கியே நிற்கின்றன.

எண்டோமெட்ரியோசிஸ் இன்னும் கடுமையானது. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, அழற்சியும் தழும்பும் உண்டாக்கும் நோய் இது. உலகில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோயைக் கண்டறியவே பல ஆண்டுகள் ஆகின்றன. 'மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும்' என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லி அனுப்பிவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவில் இந்நோய் கொண்ட 484 பெண்களிடம் இணையவழியில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. தாங்களாகவே ஏதோ ஒரு முறையில் வலியைச் சமாளித்தவர்களில் 13 சதவீதம் பேர் கஞ்சா பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். வலி தணிந்த அளவுக்குப் பத்துக்குச் சராசரியாக 7.6 மதிப்பெண் கொடுத்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மற்ற மருந்துகளைப் பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைத்துக்கொள்ள முடிந்தது என்றனர்.

இந்தப் பெண்களின் சொல்லை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அதை மருத்துவச் சான்றாகவும் கொள்ள முடியாது. பலன் கிடைத்தவர்களே இத்தகைய கணக்கெடுப்புகளில் அதிகம் பதிலளிப்பார்கள். எந்தச் சரக்கு, எவ்வளவு டி.எச்.சி. என்பதும் உறுதியாகத் தெரியாது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதெமிகள் 2017இல் வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குக் கஞ்சா உதவுகிறது என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமோ 2021இல், வலிக்கு இதைப் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்று அறிவித்தது. வலி தணிந்தாலும் கருப்பைக்கு வெளியே வளர்ந்த திசு அங்கேயே இருக்கும். வலி மறைந்துவிட்டது என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெண்ணுக்கு நோய் உள்ளே முற்றிவிடக்கூடும்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்கள் இதை நாடுவது பெரும்பாலும் தூக்கத்துக்காகவும் மனக்கலக்கத்துக்காகவும்தான். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடலின் கன்னாபினாய்டு அமைப்பும் மாறுகிறது என்பதால் இந்த எண்ணத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் திடீரென உடல் தகித்து வியர்ப்பதைத் தணிக்க, நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சை ஹார்மோன் சிகிச்சைதான். புற்றுநோய்க்கான கீமோதெரபியால் வரும் குமட்டலைத் தணிப்பதிலோ கன்னாபினாய்டு மருந்துக்கு உறுதியான இடம் உண்டு. டி.எச்.சி.யைச் செயற்கையாக உருவாக்கிய டிரோனாபினாலுக்கும், அதை ஒத்த நபிலோனுக்கும் 1985இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பெண்ணுடலில் கஞ்சா வேறு விதமாக வேலை செய்கிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா கிராஃப்ட் நடத்திய எலி ஆய்வுகளில், ஈஸ்ட்ரோஜன் உச்சத்தை ஒட்டிய நாட்களில் பெண் எலிகளுக்கு டி.எச்.சி.யின் வலி தணிக்கும் தன்மை கூடுதலாக இருந்தது. பெண் எலிகளுக்கு அந்த மருந்து ஆண் எலிகளைவிட விரைவாகப் பழகியும் போனது. பழகிப்போனால் அளவைக் கூட்ட வேண்டும். முதல் பயன்பாட்டிலிருந்து அடிமையாகும் நிலைக்குப் பெண்கள் ஆண்களைவிடக் குறுகிய காலத்தில் போய்விடுவதை மனிதர்களிடமும் கண்டிருக்கிறார்கள். இவை பற்றிய அறிவு இவ்வளவு தாமதமாக வந்ததில் வியப்பில்லை. கருவுறும் வயதிலுள்ள பெண்களைத் தொடக்கக் கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும் வழிகாட்டுதல் அமெரிக்காவில் 1977 முதல் 1993 வரை நடைமுறையில் இருந்தது.

கர்ப்ப காலத்தைப் பொறுத்தவரை விடை தெளிவானது: கஞ்சா வேண்டாம். டி.எச்.சி. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 6.6 லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், கஞ்சா பயன்படுத்தியவர்களில் 12 சதவீதம் பேருக்கும் பயன்படுத்தாதவர்களில் 6.1 சதவீதம் பேருக்கும் குறைப்பிரசவம் ஆகியிருந்தது. புகையிலை முதலான மற்றக் காரணங்களைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோதும் 10.2, 7.2 என்று இடைவெளி நின்றது. பிள்ளை எடை குறைந்து பிறப்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை முன்சொன்ன 2017 அறிக்கை வலுவானதாகவே மதிப்பிட்டது. தாய்ப்பாலிலும் இது கலக்கிறது: சான் டியாகோ ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடைசியாகப் பயன்படுத்தி ஆறு நாள் வரையிலும் பாலில் டி.எச்.சி. இருந்தது.

இவ்வளவு தெரிந்திருந்தும் கடைக்காரரின் பேச்சு வேறாக இருக்கிறது. கொலராடோ மாநிலத்தில், எட்டு வாரக் கர்ப்பிணி மசக்கைக்கு வழி கேட்பதுபோல் ஆய்வாளர்கள் 400 கஞ்சா விற்பனை நிலையங்களைத் தொலைபேசியில் அழைத்தனர். 69 சதவீதக் கடைகள் கஞ்சாவையே பரிந்துரைத்தன. நீண்ட நாள் பழக்கமே ஓயாத வாந்தி நோயை உண்டாக்கக்கூடும் என்பதும் மருத்துவர்கள் அறிந்ததுதான். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி, கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது.

போதை தராது என்பதால் சி.பி.டி. தீங்கற்றது ஆகிவிடாது. அது கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடும் சில வலிப்பு மருந்துகளோடும் மோதுகிறது. டி.எச்.சி. மிகுந்த சரக்கு, மனச்சிதைவு நோய்க்கு ஆட்படக்கூடியவர்களுக்கு அந்த அபாயத்தைக் கூட்டுகிறது.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூங்கொத்தையும் பிசினையும் தடை செய்கிறது. ஒரு கிலோ வரையிலான கஞ்சாவை வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பூங்கொத்து சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. இலையிலிருந்து செய்த மருந்துகள் 'விஜயா' என்னும் பெயரில், ஆயுர்வேத உரிமத்தோடு, மாதவிடாய் வலிக்கென்றும் இணையத்தில் விற்கப்படுகின்றன. ஆயுர்வேத, சித்த மருத்துவ நச்சுப்பொருள்களின் அரசுப் பட்டியலில் கஞ்சா இடம்பெற்றிருப்பதால், இவை மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டியவை. 2021இல் உணவாக அனுமதிக்கப்பட்ட கஞ்சா விதையும் விதை எண்ணெயும் வேறு. அவற்றில் வலி தணிக்கும் அளவுக்குக் கன்னாபினாய்டு கிடையாது. உலக அளவில், 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. 27க்கு 25 என்ற அந்த வாக்கெடுப்பில் இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆய்வுக்கு வழி திறந்தாயிற்று. பெண்களின் நோய்களுக்கென்று முறையான சோதனைகளை நடத்துவதே அடுத்த கடமை.

அதுவரை, மாதந்தோறும் வலியால் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத பெண்ணுக்கு முதலில் வேண்டியது மகப்பேறு மருத்துவரின் பரிசோதனை, ஸ்கேன், பலன் தெரிந்த மாத்திரைகள், தேவைப்பட்டால் ஹார்மோன் சிகிச்சை அல்லது அறுவைச் சிகிச்சை. விஜயா மருந்து எடுப்பவர் அதை எல்லா மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருத்தரிக்க நினைக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மருத்துவரும் அதைக் கேட்டுக் கடிந்துகொள்ளாமல் அளவையும் மற்ற மருந்துகளையும் விசாரிக்க வேண்டும். பெண்ணின் வலி நம்பப்பட்டு, நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால், சோதிக்கப்படாத குப்பிகளைத் தேடி அவர்கள் அலைய வேண்டியிருக்காது.