கைப்பேசிக்கு விடுமுறை விடுவோம்

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவர்)

உழைப்பவனுக்கு ஓய்வு உண்டு. கல்லூரிக்குக் கோடை விடுமுறை உண்டு. ஆலைக்கு வார விடுமுறை உண்டு. ஏர் மாட்டுக்குக்கூடப் பொங்கலன்று நுகத்தடியிலிருந்து விடுதலை உண்டு. ஓய்வே அறியாமல் நம்மோடு உண்டு, நம்மோடு உறங்கி, நமக்கு முன்பே விழித்துக்கொள்வது நம் கைப்பேசி ஒன்றுதான். அதற்கும் ஒரு சிறு விடுமுறை விட்டால் என்ன?

இப்படிக் கேட்பதால் என்னை விஞ்ஞானத்தின் விரோதி என்று எண்ணிவிட வேண்டாம். 2020இல் கொரோனாத் தொற்றினால் கல்விக்கூடங்களின் கதவுகள் மூடப்பட்டபோது, வகுப்பறை இந்தச் சிறிய கண்ணாடிக்குள்தான் நடந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டாவைத் தமிழக அரசே இலவசமாக வழங்கியது. நூலகமும் வங்கியும் அஞ்சலகமும் இன்று நம் சட்டைப்பையில் இருக்கின்றன. அதைத் தூக்கி எறியச் சொல்வது பேதைமை. நான் கேட்பது விடுமுறைதான், விவாகரத்து அன்று.

நானும் விரும்பி விடுமுறை விட்டவன் அல்லன். சென்ற பருவத்தில் நகரப் பேருந்தின் படிக்கட்டில் என் கைப்பேசி விழுந்து நொறுங்கியது. பழுது பார்ப்பவர், "டிஸ்பிளே போயிடுச்சு தம்பி, மெட்ராஸ்ல இருந்து வரணும், ஒரு வாரம் ஆகும்" என்றார். ஆறு நாள் கட்டாயத் துறவு வாய்த்தது.

முதல் நாள் முழுவதும் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தது. இல்லாத கைப்பேசி அதிர்வது போல ஓர் உணர்வு. இரண்டாம் நாள் காரணமில்லாத எரிச்சல். மூன்றாம் நாள் மாலை திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா, "வெள்ளிக்கிழமை காலையில தரகர் வர்றாருப்பா. காலேஜுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கூட வந்து நில்லு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தரகர் எதுக்குப்பா வர்றாரு?"

"மாட்டைக் குடுக்கத்தான். பாப்பாவுக்கு நர்சிங் காலேஜுல பணம் கட்டணுமே. உன்கிட்ட மூணு தடவை சொன்னேன். நீயும் சரிப்பா சரிப்பான்னு தலையாட்டினியே!"

நண்பர்களே, தலையாட்டியிருக்கிறேன், கேட்கவில்லை. என் தங்கையின் படிப்பும் எங்கள் வீட்டுக் கறவை மாடும் பற்றிய பேச்சு மூன்று முறை என் காதருகே வந்து திரும்பிப் போயிருக்கிறது. அந்த நேரத்தில் கைப்பேசியில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை மாடு போய்விட்டது. புதுக் கைப்பேசிக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த 4,000 ரூபாயை அப்பாவிடம் கொடுத்தேன். முன்பே கொடுத்திருந்தாலும் மாடு தங்கியிருக்காது. கட்டணம் அதைவிடப் பன்மடங்கு. ஆனால் அந்த முடிவை அப்பா தனியொருவராக எடுத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு என் மனவலிமைக் குறைவு மட்டுமா காரணம்? அமெரிக்க உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனைகள் நடத்தினார். எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்று சொல்ல முடியாதபடி அமைத்தபோது, புறாக்கள் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தன. நம் விரலின் கதையும் அதுதான். அடுத்தது நன்றாயிருக்குமோ, அதற்கடுத்தது நன்றாயிருக்குமோ என்று தள்ளிக்கொண்டே போகிறது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரைப்படத்துக்கு 'வணக்கம்' உண்டு. இந்தத் திரைக்கு முடிவே இல்லை. முடிவில்லாமல் உருளும் இந்த முறையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பிற்காலத்தில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். நிற்குமிடத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். அதை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விடுமுறை என்று நான் சொல்வது அந்த நிற்குமிடத்தைத்தான்.

ஆறு நாளும் எனக்கு ஆதாயமே என்று சொன்னால் அது பொய். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாற வந்த அழைப்பு தவறியது. 600 ரூபாய் கூலி போயிற்று. அகமதிப்பீட்டுத் தேர்வின் தேதி மாறிய செய்தி வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வந்ததால், ஒன்றும் படிக்காமல் போய்த் தேர்வறையில் உட்கார்ந்தேன். இதிலிருந்து ஒன்று விளங்கிற்று. தனியொருவன் விடுமுறை எடுத்தால் அவனுக்கு நட்டம். எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் எடுத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை.

இது நடவாத காரியமா? மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர் உண்டு. 2022இல் அவ்வூரார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாலை 7 மணிக்கு ஆலைச் சங்கு போல ஒரு சங்கு ஊரெங்கும் ஒலிக்கும். உடனே வீடுகளில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்கப்படும். 8.30 மணி வரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். சட்டமோ அபராதமோ அல்ல, ஊர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு அது.

ஒரு சிற்றூரால் முடிந்தது ஒரு கல்லூரியால் முடியாதா? நாள் முழுதும் வேண்டாம். மாலையில் ஒன்றரை மணி நேரம் போதும். அந்த நேரத்தில் வகுப்புக் குழுவில் எவரும் எதுவும் அனுப்புவதில்லை என்று உறுதி கொள்வோம். அவசரமென்றால் நேரே அழைக்கட்டும். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். தேர்வுத் தேதியும் உதவித்தொகை அறிவிப்பும் வாட்ஸ்அப்பில் வருவதோடு நில்லாமல், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். கைப்பேசி இல்லாதவனும், ரீசார்ஜ் செய்யக் காசில்லாதவனும், அதை அணைத்து வைத்தவனும் எதையும் இழக்காதிருந்தால்தான் இந்த விடுமுறை உண்மையான விடுமுறையாகும்.

என் கைப்பேசி திரும்பி வந்துவிட்டது. இந்தக் கட்டுரைக்குச் செய்திகள் தேடியதும் அதில்தான். ஆனால் மாலையில் அப்பா திண்ணைக்கு வந்து உட்காரும்போது அதை அணைத்து உள்ளே வைத்துவிடுகிறேன். கொட்டகை வெறுமையாகத்தான் கிடக்கிறது. அடுத்த ஆண்டு ஒரு கன்று வாங்குவது பற்றி அப்பா பேசுகிறார். இம்முறை நானும் பேசுகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாரேனும் ஏதேனும் சொல்லியிருப்பார்கள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். என்ன சொன்னார்கள் என்று இன்று மாலை 7 மணிக்கு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.