தொட்டிலுக்கு அப்புறம் கட்டிலா, பாயா?

கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதர் கோயில் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆச்சி யாரிடமாவது, "பிள்ளையைத் தொட்டில்ல இருந்து எறக்குனா எதுல படுக்க வைக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "இது என்னல கேள்வி? பாய்லதான்!" என்று சிரிப்பார். ஆனால் அதே வீட்டுப் பேரன், செல்போனில் கார் மாதிரி செய்த குட்டிக் கட்டிலின் படத்தை மனைவிக்குக் காட்டிக்கொண்டு இருப்பார். மாதத் தவணை எவ்வளவு என்ற கணக்கும் ஓடும். பிள்ளைக்கோ இரண்டு வயசு!

வெளிநாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். அங்கே குழந்தை தூங்குவது நாலு பக்கமும் கம்பி வைத்த மரத்தொட்டிலில். குழந்தை 35 அங்குலம் (சுமார் 89 செ.மீ.) வளர்ந்துவிட்டால், அல்லது நிற்கும்போது பக்கக் கம்பி அதன் மார்புக்குக் கீழே இருந்தால், தொட்டிலை விட்டு மாற்றிவிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கம்பி மேல் ஏறி விழுந்துவிடும் என்பதுதான் பயம். பக்கம் இறங்கும் வகைத் தொட்டில்களில் குழந்தைகள் மாட்டிக்கொண்டு இறந்ததால், 2011-ல் அந்த வகையின் விற்பனையையே அமெரிக்கா தடை செய்துவிட்டது.

நம்மூர்த் தொட்டிலுக்கு ஏது கம்பி? அம்மாவின் பழைய நூல் சேலை, உத்திரத்தில் ஒரு கொக்கி, நடுவில் துணியை விரித்துப் பிடிக்க ஒரு கட்டை. அவ்வளவுதான். இதில் எந்த அங்குலக் கணக்கும் எழுதி ஒட்டியிருக்காது. பிள்ளை தானாக எழுந்து உட்கார்ந்து, சேலை விளிம்பைப் பிடித்துக் காலை வெளியே போட ஆரம்பித்ததுமே தொட்டில் காலம் முடிந்தது என்று அர்த்தம். பல வீடுகளில் இது ஒரு வயசுக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆனாலும் தொட்டில் மூன்று வயசு வரை தொங்கும். காரணம் சோம்பல் இல்லை. பீடி சுற்றும் அம்மா, கை இலையில் இருக்கும்போது காலால் கயிற்றை ஆட்டித்தான் பிள்ளையைத் தூங்க வைக்க முடிகிறது. பாயில் போட்டால் பக்கத்தில் படுத்துத் தட்டிக் கொடுக்க வேண்டும். அந்த அரைமணி நேரக் கூலிக்கு யார் பொறுப்பு? சும்மா "தொட்டிலை நிறுத்துங்கள்" என்று புத்தி சொல்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

இருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். தொங்கும் சேலை வளர்ந்த பிள்ளைக்கு ஊஞ்சல் ஆகிவிடுகிறது. உள்ளே உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்கி, சேலை கழுத்தில் இறுகிப் பிள்ளை இறந்த செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் தூங்குகிற கைக்குழந்தை இல்லை, விளையாடுகிற மூத்த பிள்ளைகள். ஆகவே கட்டிலா பாயா என்று தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, சேலையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைப்பது. "அடுத்தது பொறந்தா வேணுமே" என்று சுருட்டி மேலே கட்டி வைப்பதும் கூடாது.

சரி, எதில் படுக்க வைப்பது? இரண்டு வயசுப் பிள்ளைக்கு முக்கியம் உயரம்தான். சாதாரணக் கட்டிலும் மெத்தையும் சேர்ந்தால் தரையில் இருந்து இரண்டு அடி வந்துவிடும். பிள்ளையின் உயரமே மூன்று அடிக்குக் கீழே! கீழே சிமெண்டுத் தரை, இல்லாவிட்டால் டைல்ஸ். விழாமல் இருக்கச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போடுவார்கள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் சிறு பிள்ளை அதில் வழுகி மாட்டிக்கொள்ளும். விழுவதை விட இது ஆபத்து. இரண்டு பக்கமும் தலையணை அடுக்கினால், அதையே படியாக வைத்து ஏறி இறங்கும் (பிள்ளைகளின் மூளையே தனி!).

பாயில் இந்தத் தொல்லை கிடையாது. உருண்டால் தரை, அவ்வளவுதான். திருநெல்வேலிச் சீமையில் பாய்க்கா பஞ்சம்? தாமிரபரணிக் கோரையைக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு நெய்யும் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தப் பட்டுப்பாய் கல்யாணத்துக்கு இருக்கட்டும். பிள்ளைக்குச் சாதாரணக் கோரைப்பாய் போதும், மேலே ஒரு பழைய சேலையை நாலாக மடித்து விரித்தால் சரி. பிளாஸ்டிக் பாய் கழுவச் சுலபம், ஆனால் சித்திரை வெயில் ராத்திரியில் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்துவிடும்.

இத்தோடு "பாய்தான் சரி" என்று முடித்துவிடலாம் என்றால் முடியாது. ஊருக்குள் கதவு சரியாகச் சாத்தும் வீட்டுக்குப் பொருந்துவது, வயலை ஒட்டிய ஓட்டு வீட்டுக்குப் பொருந்தாது. கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது என்பதால் பிள்ளைக்கு என்ன ஆனது என்று விடியும்வரை தெரியாமலே போகலாம். ஆச்சிகள் "பூச்சி பொட்டு" என்று பயப்படுவது சும்மா இல்லை. அந்த வீடுகளுக்குக் கட்டில்தான் சரி, ஆனால் முழங்கால் உயரத்துக்குள் ஒரு நார்க்கட்டில். கயிறு கொஞ்சம் தொய்ந்து குழியாக இருப்பதால் பிள்ளை ஓரத்துக்கு அவ்வளவு சுலபமாக உருளாது. அதன் மேல் கொசுவலை கட்டி, விளிம்பை விரிப்புக்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். கொசுவலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி குறைகிறது என்று நேபாளத்தில் செய்த ஆய்வே சொல்கிறது. டெங்குக் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும் என்பதால் மத்தியானத் தூக்கத்துக்கும் அதே வலையை விரிக்கலாம்.

அந்தக் கார் கட்டில்? தாழ்வாக இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, வசதி இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பிள்ளை அதில் படுக்குமா என்பது வேறு விஷயம். கரிவலத்தில் பெரும்பாலான இரண்டு வயசுப் பிள்ளைகள் தூங்குவது ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான். ஆச்சி அந்தக் கட்டிலில் கொள்ள மாட்டாள்.