வயதல்ல, புகையே அளவுகோல்!

தலைநகர் தில்லியின் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில் வழக்கமாகக் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. 2012-லோ 2013-லோ வாங்கிய டீசல் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கை வரை கரி படிய நிற்பார் ஒரு நடுத்தர வயது அரசு ஊழியர். காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுவார். டீசல் வடிகட்டியில் தேங்கிய தண்ணீரை வடிப்பார். ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பார்ப்பார். கார் இரண்டு லட்சம் கிலோ மீட்டரைத் தாண்டியிருக்கும். ஆனாலும், சாவியைத் திருகியவுடனேயே இன்ஜின் உயிர்பெறும். அந்த வாகனத்தின் மீது பத்தாண்டு நிறைந்த அன்றே 'ஆயுள் முடிந்த வாகனம்' என்கிற முத்திரை விழுந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை.

பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தேசியத் தலைநகர் வட்டாரச் சாலைகளில் ஓடக் கூடாது என்று 2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால், உத்தரவு ஏட்டளவில் இருந்ததே தவிர, முறையாக நடைமுறைப்படுத்தப்படவில்லை. திடீரென்று விழித்துக்கொண்ட நிர்வாகம், 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்குப் பெட்ரோல் பங்குகளில் எரிபொருள் வழங்கக் கூடாது என்றது. எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததும், உத்தரவை நிறுத்திவைக்கும்படி மூன்றாவது நாளே தில்லி அரசு கடிதம் எழுதியது. அடுத்த சில நாள்களில் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் நவம்பருக்குத் தேதியைத் தள்ளிவைத்தது.

ஆகஸ்டில், வயதை மட்டுமே காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. டிசம்பர் 17-ஆம் தேதி அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய தர வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆறே மாதங்களில் நான்கு நிலைப்பாடுகள்! காரை விற்பதா, வைத்திருப்பதா, பழுதுபார்க்கப் பணம் செலவழிப்பதா என்று தெரியாமல் ஒரு சாமானியக் குடும்பம் தவிப்பதில் வியப்பென்ன இருக்கிறது?

இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பத்தாண்டு வரம்பு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் எழுதப்பட்டதல்ல. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தனியார் காரின் பதிவுச் சான்றிதழ் 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்கிறது. அதன் பிறகும் தகுதி இருந்தால் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ள வழி செய்கிறது. வாகனத்தின் ஆயுளை நிர்ணயிக்கும் அதிகாரத்தை 59-ஆவது பிரிவு மத்திய அரசுக்கு வழங்கியிருக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட பழைய வாகனக் கழிப்புக் கொள்கையும், தனியார் வாகனங்களுக்கு 20 ஆண்டுகளையும் தகுதிச் சோதனையையுமே அடிப்படையாகக் கொண்டது. சட்டம் ஒன்று சொல்ல, கொள்கை இன்னொன்று சொல்ல, தில்லியில் மட்டும் மூன்றாவது ஒன்று நடப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல. முடிவெடுக்க வேண்டியவர்கள் ஒதுங்கி நிற்கும்போதுதான் நீதிமன்றங்கள் அந்த இடத்தை நிரப்ப நேரிடுகிறது.

வயதை அளவுகோலாகக் கொள்வதில் உள்ள குறைபாடு வெளிப்படையானது. ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோ மீட்டர் ஓடும் குடும்பக் காரும், ஓய்வின்றி ஓடி ஐந்தே ஆண்டுகளில் மூன்று லட்சம் கிலோ மீட்டரைக் கடந்த வாடகைக் காரும் ஒன்றல்ல. டீசல் இன்ஜின் கரும்புகை கக்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அடைத்துக்கொண்ட காற்று வடிகட்டி, தேய்ந்த இன்ஜெக்டர், கசியும் டர்போ குழாய் போன்றவைதான். இவை ஐந்து வயது காரிலும் இருக்கலாம், பதினைந்து வயது காரில் இல்லாமலும் இருக்கலாம். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்பதும், வெண்புகை நிற்காமல் வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை அல்லது குளிர்விக்கும் நீர் கசிகிறது என்பதும் கரோல் பாக் மெக்கானிக் கடையில் வேலை பழகும் இளைஞனுக்குத் தெரியும். வாகனத்தின் பிறந்த தேதியை மட்டுமே பார்க்கும் கேமராவுக்குத் தெரியாது.

அதற்காக, நன்றாகப் பராமரித்தால் போதும், எந்த வாகனமும் எத்தனை ஆண்டுகளும் ஓடலாம் என்று வாதிடுவதும் நேர்மையாகாது. டீசல் கார் ஒரு கிலோ மீட்டருக்கு வெளியிடக்கூடிய நுண்துகள் அளவு பாரத் ஸ்டேஜ்-3 தரத்தில் 0.05 கிராம். ஸ்டேஜ்-4-இல் அது 0.025 கிராம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஸ்டேஜ்-6-இல் 0.0045 கிராம் மட்டுமே. அதாவது, ஸ்டேஜ்-3 கார் ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட அளவில் இன்றைய பதினொரு கார்கள் ஓடலாம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பானெட்டைத் திறந்தாலும், பிறவியிலேயே நுண்துகள் வடிகட்டி இல்லாத இன்ஜினுக்கு அதைக் கைவேலையால் வரவழைத்துவிட முடியாது. குளிர்காலத்தில் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் தில்லிக் குழந்தைகளின் நுரையீரல், நமது பழைய கார்களின் மீதான பாசத்துக்கு விலையாகிவிடக் கூடாது. அந்த வகையில், வயதிலிருந்து மாசுத் தரத்துக்கு அளவுகோலை மாற்றிய உச்ச நீதிமன்றத்தின் டிசம்பர் உத்தரவு சரியான திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடி.

ஆனால், அடுத்த அடியை அரசுதான் எடுத்துவைக்க வேண்டும். இப்போதைய மாசுச் சான்றிதழ் முறை டீசல் புகையின் கருமையை அளக்கிறதே தவிர, கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதுவும்கூட ஒழுங்காக நடப்பதில்லை. 2025 ஏப்ரலில் தில்லி சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, வரம்பை மீறிப் புகைவிட்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாகனங்களுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டதை அம்பலப்படுத்தியது. சோதனை பொய்யானால் வயதைத் தவிர வேறெதை நம்புவது என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பொய்ச் சான்றிதழ்களுக்கான தண்டனையை, ஒழுங்காகப் பராமரித்தவரும் சேர்ந்து அனுபவிக்க வேண்டும் என்பதுதான் அநீதி.

பராமரிக்க நினைப்பவருக்கு உதவி கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ரூ. 2,500 கோடிக்கும் அதிகமாக அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சில நிறுவனங்களுக்கு அபராதத் தொகை வெகுவாகக் குறைக்கப்பட்டது. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காகக் குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் அடக்கம். ஆனால், அந்த உரிமைக்குச் சட்ட வலிமை தரப்படவில்லை. காஷ்மீரி கேட் சந்தையில் அசலா, போலியா என்று தெரியாத பாகத்தை வாங்கிப் பொருத்துபவரின் கார் புகை கக்கினால் குற்றம் அவருடையது மட்டும்தானா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தில்லியில் ஓடக் கூடாத வாகனங்கள் எங்கே போகின்றன? தடையில்லாச் சான்றிதழுடன் அடிமாட்டு விலைக்கு வேறு மாநிலங்களுக்கு விற்கப்படுகின்றன. தலைநகரின் புகை சிற்றூர்களுக்கு இடம்பெயர்கிறதே தவிர, ஒழிவதில்லை. தில்லிவாசியின் நுரையீரலுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதி என்பதை எப்படி ஏற்பது?

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஆயுளை வயதால் அல்லாமல், மாசுத் தரத்தாலும் ஆண்டுதோறும் நடத்தப்படும் தானியங்கிச் சோதனையாலும் நிர்ணயிக்கும் ஒரே விதியை நாடு முழுமைக்கும் 59-ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு அறிவிக்க வேண்டும். சோதனையில் தோற்ற வாகனத்தைச் சீர்செய்ய உரிய அவகாசமும், மீண்டும் தோற்றால் கழித்துக் கட்ட நியாயமான விலையும், பயன்படுத்தாத காலத்துக்கான சாலை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடும் வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கான மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து, உறுப்பினர்கள் விவாதித்து நிறைவேற்ற வேண்டும். பொய்ச் சான்றிதழ் வழங்குபவர்கள் சிறைக்குப் போக வேண்டும்.

கரும்புகை கக்கும் புதிய காரும் வேண்டாம், காலாவதியான பழைய காரும் வேண்டாம். ஆனால், எது எது என்று சோதித்துப் பார்க்கும் சிரமத்தை அரசு ஏற்காமல், நாள்காட்டியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது நிர்வாகமல்ல, நிர்வாகச் சோம்பல். ஞாயிற்றுக்கிழமை தோறும் தனது காரைச் சோதித்துப் பார்க்கும் குடிமகனுக்கு இருக்கும் பொறுப்புணர்வில் பாதியாவது அரசுக்கும் இருக்க வேண்டாமா?