இணையக் கற்றல் தளங்கள்: எல்லைத் தமிழாசிரியர்களுக்கும் அமர்வு தேவை

கரோனா காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, கேரளத்தில் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'பர்ஸ்ட் பெல்' பாடங்கள் தொடங்கின. தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. எனினும், பாடம் கிடைப்பது வேறு. அதன் குறையைச் சொல்ல இடம் கிடைப்பது வேறு.

இதற்கு முன்மாதிரி உண்டு. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட 'மூடில்' என்னும் கட்டற்ற கற்றல் தளத்தின் பயனர்கள், 'மூடில்மூட்' என்ற பெயரில் பல நாடுகளில் மாநாடு நடத்துகின்றனர். வகுப்பில் தளத்தைக் கையாளும் ஆசிரியரும் நிரல் எழுதுவோரும் அங்கு நேருக்கு நேர் பேசுகின்றனர். தளத்தின் மொழிபெயர்ப்பும் பெருமளவு தன்னார்வலர் பணியே. ஆகவே, எந்த மொழியினர் பங்கேற்கவில்லையோ, அம்மொழியின் தேவை பின்தங்குகிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் தமிழருக்கு இக்கவலை புதிதன்று. 1956 நவம்பர் 1 மாநிலச் சீரமைப்பில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு.

வகுப்பறையின் ஒரு பகுதி இன்று திரைக்கு மாறிவிட்டது. எனவே, கற்றல் தளங்கள் குறித்த ஆசிரியர் கூட்டங்களில் தமிழ்வழி ஆசிரியர்களுக்குத் தனி அமர்வு அவசியம். கலைச்சொல், தமிழ்த் தட்டச்சு, வினாக்களின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் எழும் இடர்களை அன்றாடம் எதிர்கொள்வோர் அவர்களே. கேட்கப்படாத குறை அடுத்த பதிப்பிலும் தொடரும்.