வன்னிக்கு எதற்கு வானளாவி?

கிளிநொச்சியில் நாற்பது மாடியில் ஒரு தொடர்மாடி எழும்பினால் முதலீடு தானாக வரும் என்று வாதிடுகிறவர்களுக்கு எழுதுகிறேன். காணி போதாது, ஆகவே மேலே போகவேண்டும் என்கிறீர்கள். அது பச்சைப் பொய். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இல்லை. கொழும்பு மாவட்டத்தில் 3,000 பேருக்கு மேல். 2017 இல் அதே முல்லைத்தீவின் கேப்பாப்பிலவுச் சனம் மாதக்கணக்காகத் தெருவோரம் கொட்டிலில் கிடந்தது, படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் சொந்த வளவுகளைக் கேட்டு. இங்கே காணி பறிபோயிருக்கிறது, பற்றாமல் போகவில்லை. பறித்ததைக் கேட்கத் துணிவில்லாதவர்கள் வானத்தில் பங்கு பிரிக்க வருகிறீர்கள்.

கொழும்பின் அல்டெயர் கோபுரத்தைக் காட்டுகிறீர்கள். பெய்ரா வாவியோரம், 68 மாடி, 240 மீற்றர், மொஷே சப்டியின் வடிவமைப்பு. அங்கே ஒரு பேர்ச் நிலத்தின் விலை என்னவென்று விசாரியுங்கள். உயரம் கூடக்கூட அத்திவாரம், லிப்ற், தண்ணீர்ப் பம்பி, தீத்தடுப்பு என ஒவ்வொரு சதுர அடிக்கும் செலவு ஏறும். நிலத்தின் விலை அந்தச் செலவை விழுங்கும் இடத்தில்தான் கோபுரம் கட்டுப்படியாகும். கிளிநொச்சியின் பரந்தனில் அந்தக் கணக்கை எப்படிச் சரிக்கட்டுவீர்கள்?

கட்டியபின் யார் பராமரிப்பது? 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. முப்பதாம் மாடியில் இருக்கும் கிழவிக்குத் தண்ணீரை யார் சுமந்து ஏற்றுவது? தீப்பிடித்தால் யார் அணைப்பது? 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது, தரையில் இருந்த கடைகளையே காப்பாற்ற முடியவில்லை.

எனக்கு மிகவும் கோபம் வருவது உங்கள் அடுத்த வாதத்தில்தான். தனிவீடும் வளவும் பின்தங்கிய வாழ்க்கையாம். புருஷனைப் போரில் இழந்த ஒருத்தி பிள்ளைகளை வளர்ப்பது அந்த வளவை வைத்துத்தான்: நாலு தென்னை, முருங்கை, கோழி, ஆடு, கிணற்றடியில் கத்தரி. நெல் காயவைக்கவும் அதே முற்றம். இருபதாம் மாடிப் பல்கணியில் இதில் எதைச் செய்வாள்? மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்டுவாள்.

எங்களைக் கேட்காமல் எங்களுக்கு வீடு தீர்மானிப்பது புதிதல்ல. 2016 இல் அரசு 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவரப் பார்த்தது, ஒன்று 21 இலட்சம் ரூபா என்று. இந்திய வீட்டுத் திட்டத்தில் சனம் தானே நின்று கல்வீடு கட்ட ஐந்தரை இலட்சம் கொடுக்கப்பட்டிருந்தது. வன்னி வெப்பத்தில் இரும்புச் சுவர் வேண்டாம் என்று எதிர்த்தோம்.

உங்களிடம் உண்மையிலேயே பணம் இருந்தால், 2019 ஆட்சி மாற்றத்தோடு தவணைக் காசு நின்று, கூரையில்லாமல் கிடக்கும் வீடமைப்பு அதிகாரசபை வீடுகள் வன்னியெங்கும் இருக்கின்றன. முதலில் அவற்றுக்குக் கூரை போடுங்கள்.