இல்லம் பேணுவோம்: நீலகிரித் தைலமும் வீட்டுத் தரையும்



விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளில் நீலகிரித் தைலம் எளிதில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-இல் நீலகிரி மலைக்கு வந்த மரத்தின் இலைகளிலிருந்து வடித்தெடுக்கும் எண்ணெய் அது. அதனைத் தண்ணீரில் விட்டுத் துடைத்தாலே தரை தூய்மையாகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். எண்ணெய் நீரில் கரையாது. மேலே மிதந்து, திட்டுத் திட்டாகவே படியும். அழுக்கை அகற்றுவது நுரைக்கும் பொருளே; தைலம் தருவது பெரும்பாலும் மணமே.

ஆகவே 10 பூந்திக்கொட்டைகளை விதை நீக்கி, அரை லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். ஆறியபின் 10 துளி தைலம் விட்டு நன்கு கலக்கி, அரை வாளி நீரில் சேர்த்துத் துடையுங்கள். இச்சாறு விரைவில் கெட்டுவிடும். அன்றன்று செய்வதே நன்று.

ஒன்றை மறவாதீர்கள். இயற்கையின் பொருள்கள் யாவும் தீங்கற்றவை அல்ல. ஒரு தேக்கரண்டித் தைலத்தை விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் நேரலாம். அவ்வாறு விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். தைலப் புட்டியையும் எடுத்துக்கொண்டு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ உடனே விரையுங்கள். புட்டியை என்றும் பூட்டிய அலமாரியிலேயே வையுங்கள்.

மணக்கும் தரையினும் மழலையின் உயிர் பெரிதன்றோ!