கையில் தரும் கணினி திறந்திருக்கட்டும்

1980களில் பிரிட்டனின் பள்ளிகளில் இருந்த பிபிசி மைக்ரோ கணினியின் பொத்தானைத் தட்டினால் ‘பீப்’ என்று ஓர் ஒலி. மறுகணமே கறுப்புத் திரையில் கணினியின் பெயரும் ‘பேசிக்’ என்ற நிரல்மொழியின் பெயரும், என்ன செய்யட்டும் என்று கேட்பதுபோல் ஒரு குறியும் வந்து நிற்கும். வேறெதுவும் இருக்காது. ‘10 பிரிண்ட்’ என்று போட்டுத் தன் பெயரைத் தட்டி, அடுத்த வரியில் ‘20 கோடூ 10’ என்று முடித்து ஓடவிட்டால், நிறுத்தும்வரை திரை முழுக்க அந்தப் பெயர்தான். இத்தனைக்கும் அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். 1984இல் நம் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இதே கணினிதான்.

இப்படி நிரல் எழுதிப் பார்க்கும் ஆர்வத்தை இன்றைய கணினிகள் கொன்றுவிட்டன என்று புலம்புவதில் பாதிதான் உண்மை. நிரல்மொழிகளான பைத்தான் இலவசம், ஸ்கிராட்ச் இலவசம். மேசைக்கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எஃப்12ஐ அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் எழுத இடம் கிடைக்கிறது. ஆனால், இவையெல்லாம் தேடிப் போகிறவருக்குத்தான். தேட ஒன்று இருப்பதே தெரியாத பிள்ளையின் கண்ணில் படுவது வீடியோவும் விளம்பரமும்.

போதாததற்குப் பூட்டுகள் வேறு. விண்டோஸ் ‘எஸ் மோட்’ கணினியில் மைக்ரோசாஃப்ட் கடைக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ முடியாது. 2010இல் ஆப்பிள், ஸ்கிராட்ச் ஆக்கங்களை ஐபோனில் ஓட்டிக் காட்டிய செயலியையே தன் கடையிலிருந்து நீக்கியது. (2016இல் அதே ஆப்பிள் ஐபேடில் நிரல் கற்றுத்தரும் செயலியை வெளியிட்டது தனிக்கதை.) கேம்பிரிட்ஜுக்குக் கணினி அறிவியல் படிக்க வருவோரிடம் நிரல் எழுதிய அனுபவம் குறைந்துகொண்டே போவதைக் கண்டு பிரிட்டனின் கணினிப் பொறியாளர் எபன் அப்டனும் சகாக்களும் 2012இல் 35 டாலருக்கு ராஸ்பெர்ரி பை கணினியைக் கொண்டுவந்தது சும்மா அல்ல.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தது. அதற்குள் பைத்தானும் இருந்தது. அதை எத்தனை மாணவர்களிடம் யார் திறந்து காட்டினார்கள்? 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்திருக்கும் நிலையில், அந்தக் கேள்வியை அரசு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே என்பார்கள். அது தந்ததில் எங்கே கோளாறு என்று பிடிக்கவாவது சொந்தமாக நாலு வரி எழுதித் தடுக்கி விழுந்திருக்க வேண்டாமா?

அரசு தரும் கணினியில் பைத்தானும் ஸ்கிராட்ச்சும் இணையம் இல்லாமலே ஓடும்படி முகப்பிலேயே இருக்க வேண்டும். பிபிசி மைக்ரோவுடன் வந்ததைப் போல, நிரல் எழுதச் சொல்லித்தரும் கையேடு ஒன்று தமிழில் வேண்டும். நிர்வாகிக் கடவுச்சொல் மாணவரிடமே இருக்கட்டும். எதையாவது கெடுத்துக்கொண்டால் பழையபடி மீட்க ஒரு வசதி போதும். இந்த மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அடுத்த கொள்முதலின் ஒப்பந்தப்புள்ளியிலேயே இவற்றை நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம்.